சதுரக் கொண்டை

ஜனவரி 9, வியாழன்

இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அப்படி ஒரு உயிர் கடலில் கிடையாது, ததேயு அண்ணன் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டார், அவ்வளவுதான் என்று. அவர் மனைவி கில்டா அக்கா அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். தாய்வீட்டுக்குப் போகப் பை கட்டிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

நான் துவைக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ கடலப் பத்தித்தான படிச்ச?"

"ஆமாக்கா."

"அப்போ சொல்லு. வள்ளத்த விட நீளம். மேல வருது, கொஞ்சம் கெடக்குது, பெறகு உள்ள போவுது. அப்பிடி ஒண்ணு உண்டுமா?"

"பெரிய மீனெல்லாம் உண்டுக்கா. திமிங்கிலம் உண்டு. திமிங்கிலச் சுறா உண்டு."

"மொகம் உண்டுமா?"

"எல்லாத்துக்கும் மொகம் உண்டுல்லா."

"பொம்பள மொகம்."

நான் சோப்பைக் கல்லில் வைத்தேன்.

"வெளுத்த மொகமாம். சிரிச்சுதாம். யாருக்க மொகம்னு கேட்டா வாயத் தெறக்கமாட்டேங்காரு. குடிச்சவனுக்குக் கடலுக்கு நடுவுல போனாலும் பொம்பளதான் தெரிவா."

போன தவக்காலத்தில் ததேயு அண்ணன் பீடத்தின் முன் முழங்காலில் நின்று, சிலுவையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தார். ஊரே பார்த்தது. அதை நம்பித்தான் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். இரண்டாவது சபதத்துக்கு இடமில்லை என்று அப்போதே சொல்லியிருந்தாள்.

"திருநாள் கொடி எறங்குற வர பொறுக்கேன். அதுக்குள்ள நீ ஒண்ணு சொல்லு. உண்டுன்னா உண்டு, இல்லேன்னா இல்ல. படிச்சவ சொன்னா நான் கேப்பேன்."

தெரியல என்றேன். உண்மையில் தெரியவில்லை.

வெயில் பிடரியில் அடித்தது. கல்லுக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்த பழைய பிளெக்ஸை என் அண்ணன் பிளேவியன் எப்போதோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். எதற்கு என்று அவன் மனைவி அக்சிலியா மயினியும் சொல்லவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

என் வேலை இது: கரையோர ஊர்களில் யார் எந்தப் பெரிய உயிரினத்தைப் பார்த்தாலும் கேட்டு எழுதி, ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவது. எங்கே, எவ்வளவு நீளம், என்ன நிறம், எந்தத் திசை. கடைசிக் கேள்வி: பார்த்தவர் நம்பத்தக்கவரா? அதற்கு மட்டும் நானே பதில் எழுத வேண்டும்.

இதுவரை எழுதியவை. ஏழு தலைப் பாம்பு: வரிசையாகத் துள்ளிய ஓங்கல்கள், அதாவது டால்பின்கள். நகரும் தீவு: கவிழ்ந்து மிதந்த படகு, மேலே பறவைகள். கறுப்புப் போர்வை மாதிரி ஒன்று: கூட்டமாகப் போன திருக்கைகள்.

யாரும் பொய் சொல்லவில்லை. கடலில் பக்கத்தில் வைத்து அளக்க ஒன்றும் கிடையாது. மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. பயம்தான் அளவுகோல். பயந்தவனின் அளவு எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

மாலையில் கரைக்குப் போனேன். ததேயு அண்ணன் வேலை செய்யும் வள்ளம் கடலுக்குப் போய்விட்டுக் கரையேறியிருந்தது. ஆனால் அவர் கரையில்தான் நின்றார். மூன்று நாளாக அவரை ஏற்றவில்லையாம். மற்றவர்கள் வலையை உதறிக்கொண்டே பேசினார்கள்.

"வோய் ததேயு, ஒமக்க பெண்டாட்டி கரையில ஒண்ணு, கடல்ல ஒண்ணா?"

"கடல்ல உள்ளவ கேள்வி கேக்கமாட்டா. அவள வச்சிக்கிடும்."

"லேய், சும்மா இரு. அவரு பேசுனா நமக்கும் தெரிய ஆரம்பிச்சிரும்."

அவர் கோபப்படவில்லை. அவரைத் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் மணலைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நீளம்?"

"வள்ளம் ரெண்டு."

"நெறம்?"

"கீழ கறுப்பு. மேல பச்சையும் காவியுமா முடி தொங்குது. பாசி புடிச்ச முடி."

"தல?"

"மொகம் வெளுப்பு. தலையில ஒரு கறுப்புக் கொண்ட. சதுரமா இருந்துது."

"சதுரமாவா?"

"ஆமா பிள்ள. நான் என்ன செய்ய?"

"எந்தப் பக்கம் போச்சு?"

இதற்கு மட்டும் நிமிர்ந்தார். "ஓட்டத்துக்கு எதிரா. நீரு தெக்க ஓடுது. அது வடக்க போவுது. செத்த சாதனம்னா நீரோடதான போவும்? அதுக்கு உயிரு உண்டு."

யாருடைய முகம் போல இருந்தது என்று கேட்டேன். மறுபடியும் மணலைப் பார்த்தார்.

பேசும்போது அவர் மூச்சை முகர்ந்து பார்த்தேன். டீசல், பீடி. வேறொன்றுமில்லை. முகர்ந்ததை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். எழுதிவைக்கிறேன், ஏனென்றால் படிவத்தில் இதற்கு இடமில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசையில் யார் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்ற கருத்துகளை வாசித்தார்கள். இறந்தவர்களுக்கு, வெளிநாடு போகிறவர்களுக்கு, தேர்வு எழுதுகிறவர்களுக்கு. பிறகு: "கொரற்றியின் உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு வேண்டி, ஒரு நலம்விரும்பி."

ஊரில் கொரற்றி நான் ஒருத்திதான்.

மயினி முழங்கையால் இடித்தாள். "யாரு பிள்ள அது? எனக்குத் தெரியாம?"

"எனக்கே தெரியாது மயினி."

"ஒடம்புக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவளுக்கு ஒருத்தன் பூச வைக்கான்னா அது கல்யாணத்துலதான் முடியும்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

மதியம் கணவாய்க் கறி. நேற்றும் கணவாய். ஊரில் யாருக்கும் கணவாய் இல்லை, அண்ணனுக்கு மட்டும் கிடைக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

துணி துவைத்தேன். வெயில்.

ஜனவரி 15, புதன்

ததேயு அண்ணனுடையதை எப்படி விளக்குவது.

வெளுத்த முகம்: சில ஓங்கல்களுக்குத் தலை வெளுப்பு. வயதானவை. சிரிப்பும் பொருந்தும், ஓங்கலின் வாய் அப்படித்தான் வளைந்திருக்கும். முடி: நைந்த வலை, பாசி. நீளம்: இரண்டைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

சதுரம்தான் இடிக்கிறது. உயிர் உள்ளவற்றில் சதுரம் அரிது. வட்டம் உண்டு, சுருள் உண்டு, ஆறு மூலை உண்டு. நேர்கோட்டையும் செங்கோணத்தையும் பார்த்தால் மனிதன் செய்தது என்று எடுத்துக்கொள் என்பார் எங்கள் பேராசிரியர்.

வேறு இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தென்பக்கத்து ஊர்க்காரர், தூண்டில் போடுகிறவர். இன்னொருவர் எங்கள் ஊர்தான், பேர் போடாதே என்றார். "ததேயு பட்டபாடு போதும். எனக்குக் கொமரு ஒண்ணு கெட்டிக்குடுக்கக் கெடக்கு." இரண்டு பேரும் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்பாக ஒன்று, தலைமுடி, மெதுவாக நகர்ந்தது. மூன்று இடத்தையும் வரைபடத்தில் குறித்தேன். மூன்றும் ஒரே பாரைச் சுற்றி வருகின்றன. கடலுக்கு அடியில் பாறைத் திட்டு, மேலே மீன் கூடும் இடம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சாக்குச் சாக்காக வைத்திருந்த காலித் தண்ணீர்க் குப்பிகள் இல்லை. ஓலையும் இல்லை. பழைய இரும்புக்காரன் எடுத்துப் போயிருப்பான்.

பழைய இரும்புக்காரன் ஓலை எடுப்பதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

செபஸ்தியார் கோயில் கொடியேற்றம். வெடி. மயினிக்கு வெடிச் சத்தம் ஆகவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், இதே கொடிமரத்துக்குப் பக்கத்தில் என்னுடைய பிளெக்ஸ் நின்றது. பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியதற்காக இளைஞர் மன்றம் வைத்தது. கீழே மன்றத்து ஆட்களின் தலைகள் வரிசையாக. ஒரு மூலையில் புறா. மேலே நான், ஆள் உயரத்துக்கும் பெரிய முகம். ஸ்டூடியோக்காரன் கணினியில் வெளுக்க வைத்தான். பட்டம் வாங்கும்போது சிரிக்கச் சொன்ன படம். "கடல் பெற்ற மகளே" என்று பெரிய எழுத்து. கூசிப்போய் ஒரு வாரம் சுற்றுவழியாக நடந்தேன். மழைக்குப் பிறகு அண்ணன் இறக்கிக்கொண்டு வந்தான். காசு போட்டுச் செய்தது, கிழியாத துணி என்று துவைக்கிற கல்லுக்கு மேலே கட்டினான். ஒன்றரை வருடம் என் முகத்துக்குக் கீழே நின்று துணி துவைத்தேன். முகம் கீழ்நோக்கி இருந்தது. நிமிர்ந்தால் நானே என்னைப் பார்த்துச் சிரிப்பேன்.

அந்தப் படத்தில் தலையில் பட்டமளிப்புத் தொப்பி இருந்தது.

மயினிக்குக் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீர் வைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மறுபடியும் பூசையில் என் பெயர். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூசை முடிந்து, பீட வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போனேன். மெழுகுதிரி அடிக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு குடுத்தா?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"எனக்க பேருதான வாசிக்கியோ?"

"சட்டம் சட்டந்தான் பிள்ள." ஒரு கட்டையைப் பையில் போட்டார். "ஆனா ஒண்ணு. குடி நின்னா மனுசனுக்கு எம்புட்டு பக்தி வருது பாரு. ததேயுவச் சொல்லுகேன். தெனமும் காலையில வந்து முட்டு குத்தி நிக்கான். நான் ஒண்ணும் சொல்லல, கேட்டியா?"

ஜனவரி 20, திங்கள்

ததேயு அண்ணனைப் பார்க்கப் போனேன். கடலரிப்புக்குப் போட்ட பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தார். இந்த வாரமும் அவரை யாரும் ஏற்றவில்லை. பக்கத்தில் ஒரு குப்பி இருந்தது. தண்ணீர்தான். நான் பார்த்ததைப் பார்த்து, எடுத்து நீட்டினார்.

"குடிச்சுப் பாரு. பச்சத் தண்ணி."

"வேண்டாண்ணே. எனக்காக எதுக்குப் பூச வச்சியோ?"

குப்பியைத் திரும்ப மூடி வைத்தார். ஒரு நண்டு பாறையிடுக்கில் ஏறி, எங்களைப் பார்த்து இறங்கியது.

"அண்ணே, அந்த எடத்துக்கு நான் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்க."

"நீ போகப்படாது."

"பொம்பளன்னா?"

"அதில்ல. நீ போகவேப்படாது. மத்தவ யாரு போனாலும் நீ போகப்படாது."

"ஏன்?"

"அது ஒனக்க மொகம் பிள்ள."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறவர்களின் முகம் கடலில் தெரிந்தால் கடல் அவர்களைக் கேட்கிறது என்று அர்த்தமாம். அவருடைய அப்பா சொன்னதாம். சொன்னால் என் காதுக்கு வரும், நான் பயப்படுவேன். சொன்னால் கல்யாணமாகாத பெண்ணின் பெயரை ஊர் வாயில் போட்டு மெல்லும். அதனால் வீட்டிலும் சொல்லவில்லை, கரையிலும் சொல்லவில்லை. முகத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே உளறியிருக்கக் கூடாது என்றார். பயத்தில் பாதி சொல்லிவிட்டாராம்.

"குடிகாரன்னு சொல்லட்டும். எனக்கு அது பழகுன பேரு."

"நீங்க குடிக்கலல்லா?"

"குடிக்கல." பிறகு மெதுவாக: "ஆனா எனக்கே நம்பிக்க இல்லாம ஆயிட்டுது, கேட்டியா. குடிக்காமலே கண்ணுக்கு இப்பிடித் தெரியுதுன்னா, பெறகு குடிச்சா என்ன, குடிக்காட்டா என்னன்னு ஒரு நெனப்பு வருது. காலையில அந்த நெனப்பு வாரதுக்கு முன்ன கோயிலுக்கு ஓடிருகேன். சாயங்காலம்தான் கஷ்டம்."

ஒரு சொல் போதும். பிளெக்ஸ். அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவர் எழுந்து நின்றிருப்பார்.

வீட்டுக்கு வந்தேன். மயினிக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை கொடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இப்போது எழுதத்தான் வேண்டும்.

கணவாய்க்குக் கூடு போடுவது என்று ஒன்று உண்டு. ஓலை, தென்னம்பாளை, கிழிந்த வலை எல்லாவற்றையும் நைலான் கயிற்றில் கட்டி, மிதக்கக் குப்பிகளும் தாழ மணல் சாக்குகளும் வைத்து, பாருக்கு மேலே இறக்குவது. நிழலுக்கும் முட்டையிடவும் கணவாய் கூடும். முட்டையிட வருவதைத்தான் பிடிப்பது. அடுத்தவன் வலையும் அதில் மாட்டிக் கிழியும். அதனால் ஊர்க் கமிட்டி தடை போட்டது. போட்டவன் பிடிபட்டால் அந்தப் பருவம் முழுவதும் கடலுக்குப் போக முடியாது. கோயில் மணியடித்து ஊரைக் கூட்டி, எல்லார் முன்னாலும் நிற்கவும் வேண்டும்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் கேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பிளெக்ஸ் எங்கண்ணே?"

"எந்தப் பிளெக்ஸ்?"

"எனக்க மொகம்."

கேனைக் கவிழ்த்து வைத்தான். "நெழலு கூடுனா கணவா கூடும்னு நெனச்சேன். கூடுச்சு. பெறகு அந்தக் கூட்டுக்க கயிறு மட்டும் அறுந்துட்டு, மத்தது கெடக்கு. தேடிப் பாத்தேன். காணல."

"ததேயு அண்ணன் பாத்திருக்காரு."

"தெரியும்."

"தெரியுமா?"

"சதுரக் கொண்டன்னு கேட்ட அன்னைக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

"கில்டாக்கா பை கட்டிட்டா."

"அக்சிலியாவும் வயித்துல வச்சிட்டு நிக்கா. பிரசவம் வருது. நான் கரையில குந்தியிருந்தா எவன் வந்து பாப்பான்?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஓட்டத்துக்கு எதிரா போச்சுன்னு சொல்லுகாருல்லா. பிளெக்ஸ் எப்பிடிப் போவும்? எனக்க கூடு நீரோடதான் போவும். அவரு பாத்தது வேற. இல்ல குடிச்சிருக்காரு. நீயே கடல் படிச்சவ, சொல்லு."

அதுதான். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பிளெக்ஸ் முகத்தை விளக்கும். போன திசையை விளக்காது. பாதி விளக்கத்தை வைத்துக்கொண்டு கில்டா அக்காவிடம் போனால், மீதிப் பாதி அவருடைய குடி என்று ஆகிவிடும்.

"அப்போ போய்ப் பாப்போம்" என்றேன். "நீ, நான், ததேயு அண்ணன்."

"கிறுக்கா ஒனக்கு?"

"எடம் எனக்குத் தெரியும். மூணு பேரு பாத்த எடத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். அது அந்தப் பார விட்டுப் போகல."

கேனை மறுபடியும் கழுவத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

ததேயு அண்ணனிடம் மாலையில் சொன்னேன். என்ன என்று சொல்லவில்லை. கடல் என்னைக் கேட்கிறதென்றால் நானே போய் என்னவென்று கேட்டுவிடுகிறேன், நீங்கள் கூட வாருங்கள் என்றேன். நான் போவதை நிறுத்த முடியாதென்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தார்.

ஜனவரி 23, வியாழன்

நன்றாக விடிந்த பிறகு கிளம்பினோம். பெண் ஏறுவதைக் கரையில் பார்த்துச் சிரித்தார்கள். "பிளேவியன், தங்கச்சிக்கு மாப்ள பாக்கக் கடலுக்கா போற?" அண்ணன் எஞ்சின் கயிற்றை இழுத்தான். ததேயு அண்ணன் கழுத்தில் மூன்று செபமாலை.

இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கடல் படித்தவள்.

கரையில் கோயில் கோபுரம் மட்டும் தெரியும் தூரத்தில் பார். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டுக் கிடந்தோம். ஒன்றுமில்லை. தண்ணீர் வள்ளத்தின் அடியில் தட்டுகிற சத்தம். ததேயு அண்ணன் முணுமுணுவென்று செபித்தார். அண்ணன் என்னைப் பார்த்து, போதுமா என்பதுபோல் கை காட்டினான்.

பிறகு வந்தது.

எனக்குத் தெரிந்திருந்தது. ஓலை என்று தெரியும், குப்பி என்று தெரியும், வலை என்று தெரியும். ஆனாலும் நீருக்கு அடியிலிருந்து அது கறுப்பாக நீண்டு, முடியெல்லாம் விரிந்து மேலே எழும்பியபோது நான் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அலை தூக்கியதும் முகம் நிமிர்ந்தது. வெளுத்து, வீங்கி, ஒரு கண்ணில் பாசி படிந்து. சிரித்தது. தலையில் கறுப்புச் சதுரம். நான்.

அது நகர்ந்தது. ஓட்டத்துக்கு எதிராக, மெதுவாக, சோர்ந்துபோன மாதிரி.

"பாத்தியா? பாத்தியா பிள்ள? நான் சொன்னேன்லா!" ததேயு அண்ணன் அழுதார். பிறகு கண்ணைச் சுருக்கினார். அலை இன்னொரு முறை தூக்கியது. கீழே வரிசையாக மன்றத்து ஆட்களின் தலைகள், மூலையில் புறா.

"லேய்… இது கொடிமரத்துல நின்ன பிளெக்ஸுல்லா?"

அவர் என் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்த முகம். திட்டுவார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் வரை.

"பதினோரு நாளு ஒனக்காக முட்டு குத்தியிருக்கேன் பிள்ள. முட்டு வீங்கிப்போச்சு."

அப்போதுதான் அடியில் இருந்ததைப் பார்த்தோம். கூட்டுக்கு முன்னால், நீருக்குள், ஒரு முதுகு. உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, கட்டம் போட்ட மாதிரி. திமிங்கிலச் சுறா. எங்கள் வள்ளத்தைவிட நீளம். இதை நான் பயமில்லாமல் எழுதுகிறேன், பக்கத்தில் அளக்க வள்ளம் இருந்தது. வாலுக்கு மேலே அண்ணனின் நைலான் கயிறு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. தோல் வெட்டுப்பட்டு உள்ளே வெளுப்பு தெரிந்தது. நிழலுக்கு வந்த மீன்களைத் தேடி வந்திருக்கும், மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து குப்பிகளையும் ஓலையையும் என் முகத்தையும் இழுத்துக்கொண்டு இந்தப் பாரைச் சுற்றி வந்திருக்கிறது.

திசைக்கான விளக்கம்.

அண்ணன்தான் முதலில் குதித்தான். கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு. ததேயு அண்ணன் கழியால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "வாலுக்குப் பொறத்த போகாத! அடிச்சா செத்தே!" மீன் அடிக்கவில்லை. அறுக்க அறுக்க அப்படியே கிடந்தது. கடைசிச் சுற்று விட்டதும் ஒரு நொடி அசையாமல் நின்று, பிறகு தலையைத் தாழ்த்தி இறங்கிப் போய்விட்டது. வேகமாகக்கூட இல்லை.

அண்ணன் ஏறி வந்து உட்கார்ந்தான். கத்தியைத் துடைத்து வைத்தான். "எனக்க கயிறு" என்றான்.

கூட்டை வள்ளத்தோடு இழுத்துக் கட்டி, கல் வைத்துத் தாழ்த்தினோம். பிளெக்ஸை மட்டும் அவிழ்த்து வள்ளத்துக்குள் போட்டேன். என் கன்னம் நெடுக கணவாய் முட்டைகள், கறுப்புத் திராட்சைக் குலை மாதிரி. அவற்றை ஒவ்வொன்றாக நுள்ளி, வலைத் துண்டோடு பாரில் இறக்கினேன். அதனால் பயன் உண்டா என்று தெரியாது.

"பிளெக்ஸையும் கல்லக் கெட்டித் தாத்துரு" என்றான் அண்ணன்.

"தாத்துரு பிள்ள" என்றார் ததேயு அண்ணனும். "அக்சிலியா நெறவயித்தோட இருக்கா. நான் பாத்தது நெசம்னு எனக்குத் தெரிஞ்சுட்டு. எனக்கு அது போதும்."

"அக்காவுக்கு?"

அவர் கரையைப் பார்த்தார்.

அக்காவிடம் ரகசியமாகச் சொல்லலாம். நம்பவும் செய்வாள். ஆனால் அவரை வள்ளத்தில் ஏற்ற வேண்டியவர்கள் வேறு. அவர்கள் நம்பாதவரை சாயங்காலங்களில் கரையில் தனியாக உட்கார வேண்டியவர் அவர்.

நான் பிளெக்ஸின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கரை வரும் வரை எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பிளெக்ஸ் வலைக்குள் சுருட்டி என் கட்டிலுக்கு அடியில். நாற்றம்.

அண்ணன் சொன்னான்: "அத வெளிய எடுத்தா என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியும்." தெரியும் என்றேன். "பெறகும் எடுப்பியா?" எடுப்பேன் என்றேன். வெளியே போய்விட்டான்.

மயினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள்.

"எனக்க பிள்ளைக்கு அத்தைன்னு ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன்" என்றாள்.

இரவுக்குக் கஞ்சி. எனக்கும் ஊற்றிவைத்தாள்.

நிலையத்துப் படிவத்தை நிரப்பினேன். உயிரினம்: திமிங்கிலச் சுறா, ஒன்று, காயத்துடன். உடன் இழுத்துவந்தது: மனிதர் கட்டிய மீன் கூடு. பார்த்தவர் நம்பத்தக்கவரா: ஆம்.

ஜனவரி 25, சனி

இன்று சாயங்காலம் தேர். ததேயு அண்ணன் வீட்டைக் கடந்துதான் போகும். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் பின்னால் நடப்பார்கள்.

காலையில் பிளெக்ஸைத் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்தேன். பாசி போயிற்று. எழுத்து போகவில்லை, என் பெயர், ஊர்ப் பெயர், மன்றத்துத் தலைகள். இது யார் வீட்டுத் துவைக்கிற கல்லுக்கு மேலே கிடந்தது என்று ஊருக்கே தெரியும். யார் எதற்கு எடுத்தான் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

அண்ணன் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுருட்டித் தூக்கியபோது எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கமிட்டித் தலைவர் வீட்டுப் பக்கம் நடந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. தேர் வருவதற்குள் தானே போய்ச் சொல்லிவிட நினைத்தானா, என்னோடு நடக்க விருப்பமில்லையா, தெரியாது. நல்லதையே நினைத்துக்கொள்கிறேன்.

வாசலில் மயினி நின்றாள். கையில் துணி கிளிப்புகள்.

"வெறும் கயித்துல போட்டா காத்துக்கு நிக்காது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

கில்டா அக்கா வீட்டு முன்னால், தெருவோரம், இரண்டு தென்னைக்கு இடையில் கொடிக்கயிறு. அக்கா வெளியே வந்து பார்த்தாள். முதலில் பிளெக்ஸை. பிறகு என்னை. பிறகு மறுபடியும் பிளெக்ஸை, தொப்பியை.

"சதுரந்தான்" என்றாள்.

"ஆமாக்கா. இழுத்துட்டுப் போனது உயிருள்ள மீனு. நானும் பாத்தேன். ததேயு அண்ணன் பாத்தது அம்புட்டும் நெசம். நீளம் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாரு."

"சிரிக்கத்தான் செய்யுது." உள்ளே திரும்பி, "வோய், வெளிய வாரும்" என்று கத்தினாள். "இந்தப் பிள்ளைக்காகவா வாய மூடிட்டுக் கெடந்தீரு? எனக்கிட்ட சொன்னா நான் தின்னிருவேனா?"

அவர் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. அக்கா போனாள். கட்டிவைத்திருந்த பையை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். என் கன்னத்தில், பிளெக்ஸில் இருந்த கன்னத்தில், ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

தெருமுனையில் தேருக்குப் பூ கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பூசை மணி இல்லை. ஊரைக் கூட்டுகிற மணி.

பிளெக்ஸ் காற்றில் உப்பியது. மயினி கொடுத்த கிளிப்புகளை நான்கு மூலையிலும் போட்டேன். பிறகு கோயிலுக்குப் போய், கூட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன்.